பின்பக்க முடிச்சு

அந்த நகரத்தில் அறுபதைத் தாண்டிய யாராவது பல் தெரியச் சிரித்தால், அந்தச் சிரிப்பு அவள் கைப்பட்டதாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. பல்செட் செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேசை, சின்னதாக ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கட்டிகள், நாலு வகைக் குறடு. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து ஈறு வார்ப்பாள், பல் அடுக்குவாள், கழற்றி மாட்டும் பல்லுக்குக் கம்பியில் கொக்கி வளைப்பாள். கொக்கி வளைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் பட்டறையில் எல்லோருக்கும் அவள் கொக்கியம்மா. முதலாளி மட்டும் கோபமாக இருக்கும்போது சொந்தப் பெயரைச் சொல்வார்.

கம்பியின் வெட்டிய நுனி கன்னத்தில் குத்தும். மற்றவர்கள் அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து விட்டுவிடுவார்கள். இவள் நுனியைக் கடுகளவு உள்பக்கமாகச் சுருட்டி, சுருளைத் தட்டையாக அமுக்கிவிடுவாள். "யார் வாய்க்குள்ள போகப்போகுதோ, குத்துச்சுன்னா நம்மளத்தானே திட்டுவாங்க" என்பாள். அந்தச் சுருட்டல் பட்டறையில் வேறு யாருக்கும் வராது. வந்தாலும் அதற்குப் பொறுமை கிடையாது.

வாரத்தில் ஆறு நாள் இப்படி அசையாமல் உட்கார வேண்டிய பொருளைச் செய்கிறவள், ஏழாவது நாள் ஏரிக்குப் போய், நாலைந்து நாளில் காணாமல் போகிற பொருளைச் செய்வாள். ஆரம்பித்து வைத்தது அவளுடைய அக்கா. அக்கா தையல்கடை வைத்திருந்தாள். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்ல, துணைக்குத் தங்கையையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள். அரைச் சுற்று நடந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கை சும்மா இருக்காத ஜென்மம். உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி, கடையில் நூல்கண்டு அடுக்குவதுபோல, கரும்பச்சை, இளம்பச்சை, மஞ்சள், பழுப்பு என்று தரையில் வரிசையாக வைத்தாள். தங்கை எதிர்முனையிலிருந்து வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வரிசையும் நடுவில் வந்து முட்டியபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. நடக்க வந்தவர்கள் இப்படி உட்கார்ந்தே ஒரு வருஷத்தை ஓட்டினார்கள். அக்காவின் சர்க்கரை ஒரு புள்ளி இறங்கவில்லை.

விளையாட்டாகத் தொடங்கியதற்கு மெல்லச் சட்டதிட்டமெல்லாம் வந்துவிட்டது. அங்கே கிடப்பதை வைத்து அங்கேயே செய்ய வேண்டும். நூல், பசை, ஆணி, கம்பி எதுவும் கூடாது. வெட்டுவதற்கு ஒரு பேனாக்கத்தி மட்டும் கொண்டு போகலாம். முள்ளால் இலையைத் தைக்கலாம், கோரைப்புல்லால் நாணலைக் கட்டலாம், சேற்றால் ஒட்டலாம். செய்து முடித்ததும் கிளம்பிவிட வேண்டும், மறுபடி போய்ப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் அக்கா போட்டது. ஒருமுறை மறுநாள் போய்ப் பார்த்து, நாய் புரண்டு கலைத்திருந்ததற்காக இரண்டு பேரும் அன்றைக்கு முழுக்க உம்மென்று இருந்தார்களாம்.

இரண்டாவது வருஷம் தங்கைக்கு வளையம் செய்யும் ஆசை வந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நாணலை அரைவட்டமாக வளைத்து நட்டால், மீதி அரைவட்டத்தைத் தண்ணீரில் விழும் நிழல் போட்டுக்கொடுக்கும். கரையிலிருந்து பார்த்தால் முழு வட்டம். சிலந்தி வலையைப் பார்த்துப் பார்த்து, வளையத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் கோரை கட்டி, அறை அறையாகப் பிரித்தாள். சொல்லும்போது சுலபம். நாணலுக்கு நிமிர்ந்து நிற்கத்தான் பிடிக்கும், வளைத்தால் திமிறும். முப்பது நாற்பது முடிச்சு போட்டால்தான் அடங்கும். முதல் வளையம் அவர்கள் கரையேறுவதற்குள் விழுந்தது. இரண்டாவது வாரம் அரைமணி நேரம் நின்று விழுந்தது. மூன்றாவது, கடைசி முடிச்சைப் போடும்போதே அவள் முகத்தில் அறைந்தாற்போல் நிமிர்ந்துகொண்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை புல் விழுந்ததற்கு அழுவாளா என்று கேட்டால், அழுதாள்.

கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர் அவளுடைய கணவர். லிஃப்ட் மெக்கானிக். எப்போதும் கிரீஸ் வாசம் அடிக்கும் அமைதியான மனுஷன். லிஃப்டை ஒரே கயிறு தாங்கும், ஆனாலும் நாலைந்து போடுவார்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று பிடிக்க வேண்டும். முப்பது வருஷம் இந்த வேலை பார்த்ததில் அவருடைய புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. வீட்டு வாசலுக்கு இரண்டு பூட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா, வேட்டிக்கு மேல் ஒரு பெல்ட். அடுத்த வாரம், "நானும் வர்றேன், ஆழமா இருக்கற பக்கம் நான் நிக்கறேன்" என்று கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அதிலிருந்து முன்பக்க முடிச்சுகள் அவளுடையவை, பின்பக்க முடிச்சுகள் அவருடையவை. அக்கா நாணலை அளவு பார்த்து வெட்டிக் கொடுப்பாள்.

நாலாவது வளையம் நின்றது.

நின்றது என்றால் சாதாரணமாக அல்ல. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவர் பார்த்துவிட்டுப் போன் செய்தார்: "அப்படியே நிக்குது." புதன்கிழமையும் நிற்கிறது என்றார். வியாழக்கிழமைதான் சாய்ந்ததாம். மறுபடி போய்ப் பார்க்கக் கூடாது என்ற சட்டம் பெண்கள் இரண்டு பேருக்குத்தானே. ஏரி வழியாக வேலைக்குப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டா போவார் என்று அதையும் நியாயப்படுத்திக்கொண்டார்கள். அந்தத் திங்கட்கிழமை அவள் பட்டறையில் மேல்தாடைக்கு அடுக்க வேண்டிய பல்லைக் கீழ்த்தாடைக்கு அடுக்கிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு வாராவாரம் வளையம்தான். சிலசமயம் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். "இது எப்படிம்மா நிக்குது?" என்று யாராவது கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. "வெறும் புல்லுதாங்க" என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிதப்பு இருக்கும். இருக்கட்டுமே. பல்செட்டைப் பார்த்து யாரும் இது யார் செய்தது என்று கேட்பதில்லை. அவளுடைய உலகத்தில், இதோ பார் நான் செய்தேன், தானாக நிற்கிறது என்று காட்டுவதற்கு இது ஒன்றுதான் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, வளையத்தை முடித்துக் கரையேறியதும் காற்று கிளம்பியது. மூன்று பேரும் படகுக் கொட்டகைக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். மரக்கிளைகள் முறிந்து விழுந்தன, ஐஸ்கிரீம் வண்டிக்காரரின் குடை ஏரியின் நடுவுக்குப் பறந்து போனது. வளையம் ஆடியது, ஆனால் விழவில்லை. அவள் கை தட்டினாள். அக்கா தட்டவில்லை. கண்ணைச் சுருக்கி வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி போட்ட முடிச்செல்லாம் அவுந்து தொங்குது பாரு" என்றாள் அக்கா.

"அதுக்கென்ன, நிக்குதுல்ல?"

"அதான்டி. நிக்கக் கூடாது. இது தானா நிக்கற மாதிரி எனக்குத் தோணல."

அவர் பிளாஸ்க்கைத் திறந்து மூன்று தம்ளரில் டீ ஊற்றினார். 

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குப் பொருமல். தானாக நிற்காமல் பின்னே பேய் வந்து பிடித்துக்கொண்டிருக்கிறதா? அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "விடும்மா, அவங்களுக்கு மனசுல கொஞ்சம் பொறாமை. மனுஷங்கதானே" என்றார். அந்த வார்த்தை அதுவரை அவளுக்குத் தோன்றியே இருக்கவில்லை. தோன்றியபிறகு எல்லாவற்றுக்கும் பொருந்தி வந்தது. அடுத்த ஞாயிறு அக்கா மறுபடியும் அதே பேச்சை எடுத்தபோது, "உனக்குப் பொறாமைக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். அக்கா கையிலிருந்த நாணலைக் கீழே வைத்தாள். சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அதோடு சரி. நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வார்கள், "சாப்டியா" என்று கேட்டுக்கொள்வார்கள். சொந்த அக்கா மகளின் கல்யாணத்தில் அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிறு காலையில் அவருக்கு அவசர அழைப்பு. ஒரு அலுவலகக் கட்டடத்தில் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். "நீ போயி நாணல் வெட்டிட்டு இரு, வந்துடறேன்" என்று அவளை ஏரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே ஏரிக் காவலாளி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பத்தடி தூரத்திலேயே பல்லைக் காட்டுகிறவர் அன்றைக்குத் தயங்கித் தயங்கி வந்தார்.

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. ஒரு நீர்க்கோழி கால்ல இது சுத்திக்கிட்டு நகர முடியாம கெடந்துச்சு. நகவெட்டிய வெச்சு நறுக்கி எடுத்தேன். கால் வீங்கிப்போச்சு, ஆனா பொழச்சுக்கும். ஆபீஸ்ல கேக்கறாங்க, இது உங்க வளையத்துல இருந்து வந்ததான்னு."

"என் வேலையில கம்பியே கெடையாதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"அதைத்தான் நானும் சொன்னேன். அந்தம்மா போடமாட்டாங்க, நான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் உள்ளங்கையை விரித்தார். விரல் நீளத்துக்கு இரண்டு துண்டுக் கம்பி. துரு ஏறவில்லை. ஒரு துண்டின் நுனி கடுகளவு உள்பக்கமாகச் சுருண்டு, சுருள் தட்டையாக அமுங்கியிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்தக் கையெழுத்தை யாரோ எழுதியதுபோல இருந்தது. அவள் மேசைத் தட்டில் மிஞ்சி, வீட்டுக்கு எடுத்து வந்து டப்பாவில் போட்டு வைக்கும் கொக்கிக் கம்பி. ஒரு மழைநாளில் வீட்டில் உட்கார்ந்து, பொழுதுபோகாமல் அந்தச் சுருட்டலை ஒரே ஒரு ஆளுக்குத்தான் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டாள். "பாத்துச் சொல்றேன்" என்று காவலாளியிடமிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். 

ஒரு மணி நேரம் கழித்து அவர் பிளாஸ்க்கோடு வந்தார். "ரெண்டு பேரையும் எறக்கிட்டேன், பயந்து போயிருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர், அவள் மடியில் கிடந்ததைப் பார்த்தார். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எண்ணித்தான் எடுப்பேன்" என்றார். "போடறப்பவும் எண்ணுவேன், எடுக்கறப்பவும் எண்ணுவேன். ஒண்ணு விட்டுப்போச்சு."

மறுப்பார், குறைந்தபட்சம் ஒரு பொய்யாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். விட்டுப்போன ஒன்றுதான் அவருக்குத் தப்பாகத் தெரிந்தது. 

"எப்ப எடுப்பீங்க?"

"திங்கள்லேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன். கோரை காஞ்சு உதிர ஆரம்பிச்சா கம்பி வெளிய தெரியுமில்ல, அதுக்கு முன்னால எறங்கி உருவிடுவேன். உருவினா தானா சாஞ்சிடும்."

அப்படியானால் வியாழக்கிழமை சாய்ந்ததும் தானாகச் சாய்ந்ததில்லை. நின்றதும் பொய், விழுந்ததும் பொய். போனில் "அப்படியே நிக்குது" என்று சொன்ன அந்தக் குரலை நினைத்துப் பார்த்தாள். எட்டு வருஷம் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் திங்கட்கிழமைகளைத் தொடங்கியிருந்தாள்.

"எத்தனை வளையத்துல போட்டிருக்கீங்க?"

"எல்லாத்துலயும்தான்."

"எல்லாத்துலயுமா?"

"அந்த விழுந்த மூணுல இல்ல." அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "நீ அன்னிக்கு அழுதேம்மா. உள்ள தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுதே. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சே. என்னால தாங்க முடியல. ஒரு கம்பிதானே, வெளிய தெரியப் போகுதா, உன் முடிச்சு அவுந்தா அது புடிச்சுக்கட்டும்னு... எங்க வேலையில அப்படித்தானே. நீ தொட்டா குத்தக் கூடாதுன்னு நுனியைக்கூடச் சுருட்டித்தான் விட்டேன்."

வேறு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், பாவம் நல்ல மனுஷன் என்று அவளே சொல்லியிருப்பாள். நாம்கூடச் சொல்வோம். ஆனால் அவள் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கப் பயமாகவும் இருந்தது.

"அக்காவுக்குப் பொறாமைன்னு சொன்னீங்களே. அதை எதுக்குச் சொன்னீங்க?"

அவர் பிளாஸ்க்கை மூடிக் கீழே வைத்தார். நடைபாதையில் ஒருவர் கையை வீசிக்கொண்டு போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். 

"அவங்க கிட்டப் போயித் தொட்டுப் பாத்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

அவள் எழுந்து காவலாளியிடம் போனாள். "என்னோடதுதாங்க" என்றாள். எங்களோடது என்றோ, அவரோடது என்றோ சொல்ல வாய் வரவில்லை. காவலாளி ஒன்றும் திட்டவில்லை. "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த இரண்டு வாரம் அவர்கள் வீட்டில் பேச்சு உப்புச்சப்பில்லாமல் நடந்தது. கேஸ் வந்ததா, வந்தது. மோட்டார் போட்டாச்சா, போட்டாச்சு. அவர் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பழுது பார்த்தார், பழுதாகாததையும் பார்த்தார். சமையலறை ஸ்டூலுக்கு நாலு கால் போதாதென்று குறுக்கே ஒரு கட்டை அடித்தார். அவள் அந்த ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே காய் நறுக்கினாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வேற எதுல எல்லாம் இப்படிப் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டாள். "வேற எதுலயும் இல்லம்மா" என்றார். நம்பலாம்தான். ஆனால் நம்புவது என்பது நினைத்தால் போட்டுக்கொள்கிற சட்டையா? பட்டறையில் முதலாளி அவள் செய்த பல்லைப் பார்த்து, "உன் கை மாதிரி வராது" என்றபோது, இப்படிப் புகழச் சொல்லி இவரிடமும் யாராவது சொல்லி வைத்திருப்பார்களோ என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. தோன்றியதற்காகக் கணவருக்கு மனசுக்குள் இன்னொரு திட்டு விழுந்தது.

மூன்றாவது வாரம் அக்கா வீட்டுக்குப் போனாள். தையல்கடையை மூடிவிட்டு வீட்டின் முன்னறையிலேயே மெஷினைப் போட்டிருந்தாள் அக்கா. தங்கையைப் பார்த்ததும் நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து நகர்த்தினாள், அவ்வளவுதான். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அக்கா ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயன்று, கோத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமாக்கா?"

"நான் பாக்கல. ஆனா உள்தையல் போட்ட துணி எப்படி விழும்னு எனக்குத் தெரியாதாடி? முன்னாடி அவுந்து கெடக்கு, பின்னாடி அசையல. பின்னாடி நிக்கறது யாரு?"

"அப்ப நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"உன் வீட்டுக்காரரை உன் கண்ணு முன்னாடி கையும் களவுமா நிறுத்தச் சொல்றியா? பாதி சொன்னா மீதி நீ புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன்."

"பொறாமைன்னு நான் சொல்லலக்கா. அவர்தான்..."

"உன் வாயிலதான் வந்துச்சு" என்றாள் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவர் சொன்னா அவரோட போகட்டும். என்னை உனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

 ஏமாந்தவள் என்று மட்டும் தன்னை நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, தானும் ஒருத்தியை ஏமாற்றியிருப்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். "ஞாயித்துக்கெழம வர்றியாக்கா, நாம ரெண்டு பேர் மட்டும்" என்று கேட்டதற்கு, அக்கா சேலையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினாள். இரண்டு முட்டியிலும் பட்டைப் பட்டையாகக் கட்டு. "தண்ணியில எறங்கற கால் போயிடுச்சுடி. ரெண்டு வருஷம் ஆச்சு." தங்கைக்கு அதுகூடத் தெரியாமல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல், தனியாக ஏரிக்குப் போனாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் முடிச்சு நிற்குமா, நிற்காதா. விழுந்தால் விழட்டும். எட்டு வருஷம் பொய், நான் வெறும் வாய்ச்சவடால்காரி என்று ஒப்புக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடலாம். காவலாளியைக் கூப்பிட்டுப் பையைத் திறந்து காட்டினாள். "ஐயோ, எதுக்கும்மா" என்றார். "பாருங்க, பரவால்ல" என்று பேனாக்கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பையை அவரிடமே கொடுத்தாள்.

சின்ன வளையம்தான், இருபத்திரண்டு முடிச்சு. முன்பக்கத்தை முடித்துவிட்டு, எட்டு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே தண்ணீர் தொடை வரை இருந்தது, கால் சேற்றில் புதைந்தது. ஒரு கையால் நாணலை அமுக்கிப் பிடித்து, பல்லால் கோரையின் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் வளையத்துக்குள் கரை தெரிந்தது. கரையில் நிற்கும் ஆள் தெரிவார், ஆனால் இங்கே கை என்ன செய்கிறது என்று கரைக்குத் தெரியாது. எட்டு வருஷம் அவர் இங்கிருந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கம்பியைத் திருகியிருக்கிறார் என்று நினைத்தபோது, பல்லுக்கிடையில் இருந்த புல் கசந்தது. மத்தியானம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி மழையும் காற்றுமாக அடித்துத் தீர்த்தது.

விடிந்ததும் அக்கா போட்ட சட்டத்தை மீறி ஏரிக்குப் போனாள். காவலாளி வாசலுக்கே ஓடி வந்தார். "அம்மா, நிக்குதும்மா! அடிச்ச அடியில என் கொட்டகைத் தகரமே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, உங்களுது நிக்குது பாருங்க!"

நின்றது. ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது, இரண்டு கோரை அறுந்து தொங்கின, ஆனாலும் நின்றது. தண்ணீர் அமைதியாக இருந்ததால் நிழலோடு சேர்ந்து முழு வட்டமாக இருந்தது. எட்டு வருஷத்தில் எந்த வளையத்தையும் அவள் மறுநாள் பார்த்ததில்லை. கை தட்டியிருக்க வேண்டும். குதித்திருந்தால்கூடத் தப்பில்லை. அவளுக்கோ வேறொன்று தோன்றியது. நேற்று நான் ஒன்பது மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டேனே. வண்டிச் சாவி அவரிடம்தானே இருக்கிறது. சனிக்கிழமை நான் எங்கே போனேன் என்று அவர் ஏன் கேட்கவே இல்லை?

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். பின்பக்கம் போய் முதல் முடிச்சைத் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. தடவினால் தெரியாதபடிதானே இத்தனை வருஷமும் வைத்தார். கோரையைப் பிரித்தாள். உள்ளே வெறும் நாணல். அடுத்ததில் இருக்கலாம். அதையும் பிரித்தாள்.

ஆறாவது முடிச்சில் இருக்கும்போது கரையில் வண்டிச் சத்தம் கேட்டது. அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் விளிம்பு வரை வந்து நின்றார்.

"நான் தொடலம்மா. சத்தியமா இந்தப் பக்கமே வரல. ஏன் பிரிக்கற, நல்லா நிக்குதே!"

"தெரியும்" என்றாள் அவள். அடுத்த முடிச்சைப் பிரித்தாள்.

அவர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். "அங்கயே நில்லுங்க" என்றாள். நின்றார். பதினாலாவது முடிச்சை அவிழ்த்ததும் வளையம் திமிறிக்கொண்டு ஒரு பக்கமாக நிமிர்ந்தது. அதைத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டு மீதியையும் பிரித்தாள். இருபத்திரண்டாவதில் பிரிப்பதற்கு வேலையே இருக்கவில்லை, கை பட்டதும் விட்டுக்கொண்டது. நாணல்கள் அவளைச் சுற்றி மிதந்தன. அவள் கரையேறி வந்தபோது காவலாளி அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏம்மா கலைச்சுட்டீங்க?"

"கம்பி இருக்கான்னு பாத்தேன்."

"இருந்துச்சா?"

"இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.